முதலமடையின் சுற்றுலாக் கணக்கு யார் கையில்?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலுள்ள முதலமடை, பரப்பளவில் கேரளத்தின் மிகப் பெரிய ஊராட்சிகளில் ஒன்று. மாந்தோப்புகளால் பெயர்பெற்ற இவ்வூராட்சியின் ஒரு முனையில் ஆலமரங்கள் நிழல் பரப்பும் சிறிய ரயில் நிலையம் இருக்கிறது. மறுமுனையில் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து அதே ஊராட்சியைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குப் போக வேண்டுமானால், கோவிந்தாபுரத்தில் மாநில எல்லையைக் கடந்து, தமிழ்நாட்டின் ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் சுற்றி, ஆனப்பாடியில் மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். வழியில் இரு மாநில வனத்துறைகளின் சோதனைச் சாவடிகள். இரண்டிலும் கட்டணம்.

இந்தப் பரம்பிக்குளத்தில் ஓர் இரவு தங்குவதற்கான இடத்தைச் சென்னையிலோ கொச்சியிலோ இருக்கும் ஒருவர் இன்று கைப்பேசியிலேயே முன்பதிவு செய்துவிடலாம். பணமும் அந்த நொடியிலேயே கணக்கில் சேர்ந்துவிடும். அவரைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லப்போகும் வழிகாட்டி காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடிகளில் ஒன்றைச் சேர்ந்தவராக இருப்பார். அந்த முன்பதிவு வழிகாட்டியின் வாழ்வில் எதை மாற்றியது?

பொதுச் சுற்றுலா நிறுவனங்களின் செயல்திறனைத் தகவல் தொழில்நுட்பம் உயர்த்துகிறதா என்ற கேள்வியை நிர்வாகவியலார் வேறு அளவுகோல்களால் அளக்கிறார்கள். இணையதளத்தைப் பார்த்தோர் எத்தனை பேர், அறைகள் எத்தனை விழுக்காடு நிரம்பின, வருவாய் எவ்வளவு கூடியது என்று கணக்கிடுகிறார்கள். இவை தேவையற்ற கணக்குகள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொது நிறுவனத்தின் செயல்திறனை இவற்றால் மட்டும் அளந்தால், அதற்கும் தனியார் விடுதி முதலாளிக்கும் வேறுபாடே இல்லாமல் போகும். வந்த பணத்தில் எவ்வளவு அந்த மண்ணிலேயே தங்கியது, உழைத்தவருக்கு எவ்வளவு கிடைத்தது, எளிய குடும்பம் ஒன்று அங்கே வந்துபோக முடிந்ததா, காடு காடாக நிலைத்ததா என்பவையே மக்கள் நிறுவனத்துக்கு உரிய அளவுகோல்கள்.

பரம்பிக்குளம் கற்பிப்பது

பரம்பிக்குளத்தில் சுற்றுலாவை நடத்துவது வனத்துறையும் அதன்கீழ் அமைந்த சூழல் மேம்பாட்டுக் குழுக்களும்தான். வாகனத்தில் வழிகாட்டி, மூங்கில் தெப்பத்தில் துடுப்பு, கூடாரங்களிலும் மரக்குடில்களிலும் பராமரிப்பு, சமையல் என்று ஒவ்வொரு வேலையிலும் ஆதிவாசி மக்களின் கை இருக்கிறது. நூற்றாண்டுகள் கண்ட கன்னிமாரா தேக்கைக் காணவரும் பயணிக்கு அதன் கதையைச் சொல்பவர் அந்தக் காட்டிலேயே பிறந்தவர்.

இதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் செய்யப்பட்ட திருத்தம், ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை வேண்டும் என்றது. நுழைவுக் கட்டணமும் சுற்றுலா வருவாயும் அரசின் பொதுக் கருவூலத்தில் கரைந்துபோகாமல், காப்பகத்துக்கும் அங்கு வாழும் மக்களுக்கும் பயன்பட அந்த ஏற்பாடு வழிசெய்தது. முன்பதிவுத் தளம் பொது அமைப்பின் கையிலேயே இருப்பதால், இடையில் தரகு பிடித்துக்கொள்ளத் தனியார் நிறுவனம் ஏதும் இல்லை. காட்டுக்குள் ஒரே நாளில் எத்தனை வண்டிகள், எத்தனை பேர் என்ற வரம்பையும் இந்த முறையில் கண்டிப்பாகப் பின்பற்ற முடிகிறது.

தொழில்நுட்பம் பொது நிறுவனத்துக்குத் தந்த உண்மையான வலிமை இதுதான். வரப்போகிறவர்களின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்தால் வழிகாட்டிகளுக்கு வேலையை முறைவைத்துப் பகிர்ந்தளிக்கலாம். ரொக்கம் கைமாறும் இடங்கள் குறைந்தால் ஒழுகலும் குறையும். பரிந்துரைக் கடிதத்தோடு வருபவருக்கு அறை, வரிசையில் நிற்பவருக்கு இல்லை என்ற பழைய வழக்கத்துக்கும் கடிவாளம் போடலாம். 1980களில் வங்கிகளிலும் காப்பீட்டிலும் கணினி வந்தபோது வேலை பறிபோகும் என்ற நியாயமான அச்சத்தோடு நம் தொழிற்சங்கங்கள் போராடின. இன்று அந்த அச்சம் வேறு வடிவத்தில் நம்முன் நிற்கிறது. கருவி பொதுக் கையில் இருந்தால் அது வேலையை ஒழுங்குபடுத்தும். தனியார் கையில் இருந்தால் அது வேலையையும் வருவாயையும் சேர்த்தே விழுங்கும்.

தரகுத் தளங்களின் ஆட்சி

காப்பகத்தின் வேலிக்கு வெளியே வந்தால் காட்சி மாறுகிறது. முதலமடையை அடுத்த கொல்லங்கோடு 2023இல் ஒரே வீச்சில் நாடெங்கும் பேசப்பட்டது. இந்தியாவின் அழகிய சிற்றூர்கள் என்று சமூக ஊடகங்களில் பரவிய பட்டியலொன்றில் அதன் பெயர் இருந்ததே காரணம். நெல்வயல்களுக்கும் சீதார்குண்டு அருவிக்கும் வண்டிகள் அணிவகுத்தன. வரப்புகளில் படம் எடுப்போர் கூட்டமும் நெகிழிக் குப்பையும் சேர்ந்தன. வயலுக்குச் சொந்தக்காரரான உழவருக்கு அந்தக் கூட்டத்தால் வந்தது மிதிபட்ட வரப்புதான். எந்த அரசுத் துறையும் திட்டமிடாத, எந்த ஊராட்சியும் கேட்காத சுற்றுலா அது. கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், குப்பை அகற்றல் ஆகிய சுமைகள் மட்டும் ஊராட்சியின் தலையில் விழுந்தன.

இப்படித் திரளும் கூட்டத்தை அறைகளாகவும் பணமாகவும் மாற்றுவோர் இணைய முன்பதிவு நிறுவனங்கள். சிறு தங்கும் விடுதியோ வீட்டுத் தங்கலோ நடத்துபவர் அந்தத் தளங்களில் இடம்பெறாவிட்டால் பயணியின் கண்ணுக்கே தெரியமாட்டார். இடம்பெற்றால் வாடகையில் கணிசமான பங்கைத் தரகாகக் கொடுக்க வேண்டும். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பு இந்தப் பிடியின் இறுக்கத்தை வெளிப்படுத்தியது. விடுதிகள் தங்கள் அறைகளை வேறு தளங்களிலோ தங்களது சொந்த இணையதளத்திலோ குறைந்த விலைக்குக் கொடுக்கக் கூடாது என்று மேக்மைட்ரிப்–கோஐபிபோ நிறுவனம் நிபந்தனை விதித்ததும், ஓயோவுக்குச் சாதகமாகப் போட்டியாளர்களைத் தன் தளத்திலிருந்து விலக்கியதும் அத்தீர்ப்பில் கண்டிக்கப்பட்டன. மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் தண்டம் விதிக்கப்பட்டன. தன் வீட்டு வாசலில் தன் பண்டத்துக்குத் தானே விலை சொல்ல முடியாத நிலைக்குச் சிறு உடைமையாளர் தள்ளப்பட்டார் என்பதே இதன் பொருள். வணிக மூலதனம் பழங்காலத்தில் சந்தையின் வாசலில் உட்கார்ந்து சுங்கம் பிரித்தது. இன்று அது கைப்பேசித் திரையின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

பொதுத்துறையைத் தளர்த்திய கரங்கள்

இந்த வாசலில் பொது நிறுவனங்கள் ஏன் வலுவாக உட்காரவில்லை? அவற்றுக்குத் திறமை இல்லை என்பது முதலாளித்துவ ஏடுகளின் ஆயத்த விடை. வரலாறு வேறு கதை சொல்கிறது.

இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1966இல் உருவானது. கேரளத்தின் கழகம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். தமிழ்நாட்டின் கழகம் 1971இல் வந்தது. தனியார் மூலதனம் எட்டிப் பார்க்காத ஊர்களில் விடுதி கட்டி, பேருந்து விட்டு, சுற்றுலாவுக்கு அடித்தளம் போட்டவை இந்நிறுவனங்களே. இணைய வணிகம் இந்தியாவில் முளைவிட்ட அதே ஆண்டுகளில், வாஜ்பாய் அரசு மத்தியக் கழகத்தின் விடுதிகளை ஏலம் போட்டது. கோவளமும் மாமல்லபுரமும் மதுரையும் அப்போது கைமாறியவற்றுள் அடங்கும். உதய்ப்பூரின் லட்சுமி விலாஸ் அரண்மனை விடுதி வெறும் 7.52 கோடி ரூபாய்க்குப் போனது. எஞ்சிய விடுதிகளும் 2021 ஆகஸ்டில் மோடி அரசு அறிவித்த தேசியப் பணமாக்கல் திட்டத்தின் பட்டியலில் ஏறின. புதிய தொழில்நுட்பத்தில் முதலீடு செய்ய வேண்டிய தருணத்தில், நிறுவனத்தின் கட்டடங்களே விற்கப்பட்டன. கால்களை வெட்டிவிட்டு ஓட்டப்பந்தயத்தில் தோற்றான் என்று பழிப்பது இதுதான்.

வாய்ப்புத் தரப்பட்ட இடத்தில் பொதுத்துறை என்ன செய்தது என்பதற்கு ரயில்வே சாட்சி. 2002 ஆகஸ்டில் இணையவழிப் பயணச்சீட்டைத் தொடங்கிய ஐஆர்சிடிசி, நாட்டின் மிகப் பெரிய மின்வணிகத் தளங்களில் ஒன்றாக வளர்ந்தது. பொதுத்துறைக்குக் கணினி வராது என்ற வாதம் அங்கேயே உடைந்தது. ஆனால் 2019 அக்டோபரில் அதன் பங்குகள் சந்தையில் பட்டியலிடப்பட்ட பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். வசதிக் கட்டணத்தில் பாதியை ரயில்வேயுடன் பகிர வேண்டும் என்று 2021 அக்டோபர் 28 அன்று ரயில்வே அமைச்சகம் சொன்னது. பங்கு விலை சரிந்தது. மறுநாளே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. 2022 ஆகஸ்டில் பயணிகளின் தரவுகளைப் பணமாக்க ஆலோசகரைத் தேடி அந்நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது. எதிர்ப்பு வலுத்ததால் அதையும் கைவிட்டது. கருவி பொதுவுடையதாக இருந்தும், பங்குச் சந்தையின் கண்ணசைவுக்கு ஆடத் தொடங்கினால் பொது நோக்கம் பின்வாங்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இரவில் எட்டாத செய்தி

பரம்பிக்குளத்தைத் தாங்கும் ஆனைமலைத் தொடர் தெற்கே இடுக்கி மாவட்டத்தின் மூணாறு வரை நீள்கிறது. அங்கே இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையில் வரையாடுகளைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அதற்கும் இணையவழிப் பதிவு உண்டு. அந்த ராஜமலைக்கு அப்பால் உள்ள பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரின் லயங்களை மூடியது. 70 உயிர்கள் பறிபோயின. அவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றை வேராகக் கொண்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டியதே மறுநாள் காலையில்தான்.

தொலைவிலிருக்கும் பயணி வரையாட்டைக் காண நேரம் குறித்துக்கொள்ள முடிகிறது. மலையிலேயே வாழும் தொழிலாளியால் உயிர்காக்கும் ஓர் அழைப்பை அனுப்ப முடியவில்லை. தகவல் தொழில்நுட்பம் யாருடைய தேவைக்காக எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை இந்த ஓர் இரவு காட்டிவிட்டது.

இதன் வேர் தில்லியில் இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் 2016இலேயே 4ஜி சேவையில் இறங்கிவிட, பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கு 4ஜி அலைவரிசை ஒதுக்க மத்திய அரசு முடிவெடுத்ததே 2019 அக்டோபரில்தான். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 78,500 ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர். ஆள் அடர்த்தி குறைந்த மலைகளில் கோபுரம் நட்டு லாபம் பார்க்க முடியாது என்பதால் தனியார் அங்கே வருவதில்லை. வரவேண்டிய பொதுத்துறையின் கைகளோ கட்டப்பட்டிருந்தன. காட்டுக்குள் வேலை செய்யும் வழிகாட்டிகளுக்கும் காவலர்களுக்கும் அலைபேசித் தொடர்பு என்பது சுற்றுலாவுக்கான ஆடம்பரம் ஆகாது. அது தொழிலிடப் பாதுகாப்பு.

எளிய கருவிகளும் பெரும்பயனும்

நம்பிக்கை தரும் முன்னுதாரணங்கள் நம் கண்முன் இருக்கின்றன. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021 நவம்பரில் குறைந்த செலவுச் சுற்றுலாவைத் தொடங்கியது. பாலக்காடு பணிமனையிலிருந்து நெல்லியாம்பதிக்குச் செல்லும் ஒருநாள் பயணம் அதன் தொடக்ககால வெற்றிகளில் ஒன்று. அதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. பணிமனையின் தொலைபேசி எண், வாட்ஸ்அப் வழிச் செய்தி, பொறுப்புணர்ந்த ஊழியர்கள், இருக்கிற பேருந்து ஆகியவையே போதுமாயின. மலையை வாழ்நாளில் ஒருமுறையும் பார்த்திராத முதியோரும் அயற்கூட்டப் பெண்களும் குழுவாகக் கிளம்பினர். செயல்திறன் என்றால் இதுவும் செயல்திறன்தான்.

எண்ணிக்கையை அறிவதும் ஆளுமையின் ஒரு பகுதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. எத்தனை வண்டிகள் ஏறுகின்றன என்று அதுவரை ஊகமாகப் பேசப்பட்டது பொது நிர்வாகத்தின் கையில் கணக்காக வந்தது. அந்தக் கணக்கின் மீதே 2025 கோடையில் வார நாள்களில் நீலகிரிக்கு 6,000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4,000 வண்டிகள் என்று வரம்பிட முடிந்தது. கொல்லங்கோட்டுக்கும் நெல்லியாம்பதிக்கும் திரளும் கூட்டத்தைக் கையாளவும் இத்தகைய தரவு தேவை. ஆனால் வரம்பு விதிக்கும்போது அரசுப் பேருந்தில் வரும் ஏழைப் பயணிக்குத் தடை விழாமல், தனி வண்டிக்கே கட்டுப்பாடு விழுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் முயற்சிகளின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் கேரள அரசின் தொழிலாளர் துறை தொடங்கிய கேரள சவாரி, தனியார் செயலிகளைவிடக் குறைந்த, 8 விழுக்காடு சேவைக் கட்டணத்தில் ஓட்டுநருக்கு நியாயம் செய்ய முயன்றது. நோக்கம் சரியானது. ஆயினும் தொடக்கத்தில் பயன்பாடு பெருகவில்லை, பின்னர் மறுசீரமைக்க வேண்டியதாயிற்று. பொதுத் தளம் தொடங்கிவைப்பதோடு முடிவதில்லை. தொடர்ந்த பராமரிப்பும் நிதியும் பரப்புரையும் இல்லாவிட்டால் அது திறப்புவிழாப் பலகையாக மட்டுமே நிற்கும்.

கணக்கு ஊர்க்கூட்டத்துக்கு வரட்டும்

மீண்டும் முதலமடைக்கு வருவோம். இந்த ஊராட்சிக்குள் பரம்பிக்குளத்தை ஒட்டி இன்னொரு தேக்கடி உண்டு. பெரியாற்றுத் தேக்கடி வேறு. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில், தமிழ்நாடு வழியாக மட்டுமே வெளியுலகை அடையக்கூடிய அங்குள்ள ஆதிவாசி ஊர்கள் பெருந்துன்பத்துக்கு ஆளாயின. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள், செம்மணாம்பதிக்குத் தங்களுக்கென ஒரு வழி வேண்டும் என்று அம்மக்கள் தாங்களே மண்வெட்டி எடுத்துப் பாதை வெட்டத் தொடங்கினர். அரசு வரட்டும் என்று காத்திருக்காத மக்கள் அவர்கள். சுற்றுலாவின் கணக்கிலும் அவர்களைப் பார்வையாளராக நிறுத்திவைக்க முடியாது.

சூழல் மேம்பாட்டுக் குழுவில் உறுப்பினர் ஆதிவாசியாக இருந்தாலும், செயலாளர் பொறுப்பு வன அலுவலரிடமே இருக்கிறது. முன்பதிவுத் தளம் பொதுக் கையில் இருப்பது முதல் படி மட்டுமே. அந்தத் தளம் ஒவ்வொரு நாளும் பதியும் கணக்கு மக்கள் கைக்கு வருவது இரண்டாவது படி. மாதந்தோறும் எத்தனை பயணிகள் வந்தனர், வருவாய் எவ்வளவு, கூலியாகச் சென்றது எவ்வளவு, யாருக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்ற விவரம் ஊர்க்கூட்டத்தின் முன் வாசிக்கப்பட வேண்டும். வன உரிமைச் சட்டம், 2006 கிராம சபைக்கு அதிகாரம் வழங்கியிருக்கும்போது, கணக்குக் கேட்பது சலுகை கோருவதாகாது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் கணக்கை அச்சிட்டு வாசிப்பதற்குச் செலவும் பெரிதாக ஆகாது. தேவைப்படுவது அரசியல் விருப்பம்.

மொழியும் இதில் அடங்கும். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969 தமிழ் மொழிச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை வழங்குகிறது. கடிதக் காலத்தில் எழுதப்பட்ட அவ்வுரிமை, செயலிக் காலத்தில் காலாவதி ஆகிவிடவில்லை. சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தோட்டப் பகுதிகளிலும் பணிப்பட்டியல், கூலிச் சீட்டு, குறைதீர் மனு ஆகியவை திரையில் வரும்போது தமிழிலும் மலையாளத்திலும் வரவேண்டும். எழுத்தறியாதோருக்குக் குரல்வழிச் செய்தி வேண்டும்.

இந்தப் பகுதியில் பணியாற்றும் தோழர்கள் கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைத்து மக்களைத் திரட்ட வேண்டும். காப்பகத்தின் முன்பதிவு எக்காலத்திலும் தனியார் தளங்களுக்குக் குத்தகைக்குப் போகக் கூடாது. இரு மாநில வனத்துறைகளும் பேசி, பரம்பிக்குளம் செல்லும் பயணிக்கு ஒரே பதிவு, ஒரே கட்டணச் சீட்டு என்ற ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். அதில் இரு பக்கத்துப் பழங்குடி மக்களுக்கும் பங்கு வகுக்க வேண்டும். ஊராட்சியின் வீட்டுத் தங்கல்களையும் மா விவசாயிகளின் விற்பனையையும் இணைக்கும் பொதுத் தளம் ஒன்று கூட்டுறவு முறையில் அமைய வேண்டும். வழிகாட்டிகளுக்கும் விடுதிப் பணியாளர்களுக்கும் நிரந்தரப் பணிப் பாதுகாப்பும் காப்பீடும் வேண்டும். காட்டு ஊர்களுக்கு பிஎஸ்என்எல் தொடர்பு உடனே கிடைக்க வேண்டும். இணையத்தில் பதிய இயலாதவருக்காக ஒவ்வொரு நாளும் நேரடிச் சாளரத்தில் குறிப்பிட்ட இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும்.

1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம், ஒரு மாநிலத்தின் மண்ணில் நிற்கும் அணைகளின் நீரை இன்னொரு மாநிலத்தின் உழவருக்குப் பகிர்ந்தளிக்க வழிகண்டது. சச்சரவுகள் பல இருந்தும் அந்தக் கணக்கு ஆண்டுதோறும் எழுதப்படுகிறது, இரு தரப்பும் அதைச் சரிபார்க்கின்றன. நீருக்குக் கணக்கெழுத முடிந்த மலையில், அந்த மலை மக்களின் உழைப்பால் வரும் வருவாய்க்கும் கணக்கெழுத முடியும். அடுத்த ஊர்க்கூட்டத்தில் அந்தக் கணக்கைக் கேட்கும் முதல் குரல் நம் தோழர்களுடையதாக இருக்கட்டும்.